கிராதிக்கு அப்பால்: பீடப்பணியும் பெண்பிள்ளைகளும்

இந்த நூற்றாண்டு மலரில் அதிபர்களைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் பரிசளிப்பு விழாக்களைப் பற்றியும் மற்றவர்கள் எழுதுவார்கள். நாம் எடுத்துக்கொண்ட விடயம் வேறு. பழைய மாணவியர் கூடும்போதெல்லாம் பேச்சில் வந்து போவது அது. எழுத்தில் வந்தது குறைவு. பூசையிலே பீடத்தண்டையில் நின்று பரிசாரம் செய்யப் பெண்பிள்ளைகளுக்கு இடமுண்டா என்பதே அந்தக் கேள்வி.

களனி கங்கை கடலோடு சேரும் முகத்துவாரத்தில் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. விடியற் பூசைக்குத் தம்பிமார் பரிசாரகராக ஓடுவார்கள். அவர்களுடைய வெள்ளை அங்கியை வெளுத்துக் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் அழுத்திக் கொடுப்பவர்கள் அக்காமார். பீட விரிப்புக்கு ஓரப்பின்னல் போடுவதும் பூச்சாடி அடுக்குவதும் பாடற்குழுவைக் கொண்டு நடத்துவதும் பெண்களே. ஆனால் பூசை தொடங்கியதும் கிராதிக்கு இப்பால் வந்துவிட வேண்டும்.

இந்தக் கோடு யார் போட்டது? எமது சங்கம் பிறந்த காலத்தில் நடப்பில் இருந்தது 1917 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு. அதன் 813 ஆம் சட்டம், பூசைப் பரிசாரகர் பெண்ணாக இருத்தலாகாது என்கிறது. ஆண் எவரும் இல்லாதபோது, தகுந்த காரணத்தோடு, ஒரு பெண் தூரத்தில் நின்று மறுமொழி சொல்லலாம். எவ்விதத்திலும் பீடத்தை அணுகக்கூடாது. கன்னியர் மடத்துச் சிற்றாலயத்தை நினைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். லத்தீன் மறுமொழிகளைப் பிழையில்லாமல் சொல்லத் தெரிந்த சகோதரி தள்ளி முழந்தாளில் இருப்பார். ஒன்பது வயதுப் பையன் கிண்ணிகளோடு பீடத்துக்கு ஏறுவான்.

தடை அதற்கு மிகவும் முந்தியது. 494 ஆம் ஆண்டில் பாப்பரசர் ஜெலாசியுஸ் தென் இத்தாலிய ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில், பெண்கள் பீடத்தில் பணி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கண்டித்தார். 1755 இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அதே கண்டனத்தை எடுத்துக்காட்டி மீண்டும் தடுத்தார். இத்தகைய கண்டனங்களிலிருந்து ஒன்று தெரிகிறது: அந்தந்தக் காலத்தில் எங்கோ பெண்கள் அப்பணியைச் செய்து வந்திருக்கிறார்கள்.

தடைக்குப் பின்னால் ஒரு முறைமை இருந்தது. பீடப்பணி அக்காலத்தில் குருத்துவத்துக்கு ஏறும் படிகளில் ஒன்று. அப்படியில் நிற்கவேண்டிய குருமாணவர் இல்லாத இடத்தில்தான் ஊர்ப் பையன் நின்றான். குருவாக முடியாதவருக்கு அந்தப் படி எதற்கு என்பதே வாதம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் இந்த எண்ணத்தை அசைத்தது. எமது பேராயர் தோமஸ் கூரே ஆண்டகையும் பங்குபற்றிய அச்சங்கம், 1963 டிசம்பர் 4 இல் திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. பரிசாரகர், வாசகர், பாடற்குழுவினர் ஆகியோர் செய்வது உண்மையான திருவழிபாட்டுப் பணியே என்று அது சொன்னது. லத்தீன் போய்த் தமிழ் வந்தது. பெண்கள் வாசகம் வாசிக்கலாயினர். பீடம் மட்டும் திறக்கவில்லை. 1970 செப்டெம்பரில் வந்த உரோமை அறிவுறுத்தல், பெண்கள் பீடப்பணி செய்வதைத் தடுத்ததோடு, கன்னியர் மடங்களிலும் பெண்கள் பாடசாலைகளிலும்கூட ஆகாது என்று தனியே எடுத்துச் சொன்னது. ஆயிரம் மாணவியர் படிக்கும் பாடசாலையில் பூசை நடந்தாலும் பரிசாரகர் வெளியிலிருந்து வரவேண்டும் என்பதாயிற்று. 1980 இல் தடை மறுபடி உறுதியாக்கப்பட்டது.

1983 இல் புதிய சட்டத் தொகுப்பு வந்தது. பழைய 813 ஆம் சட்டம் அதில் இல்லை. பொதுநிலையினர் ஏற்கக்கூடிய பணிகளைச் சொல்லும் 230 ஆம் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, ஆண் பெண் என்று பிரிக்கவில்லை. அப்படியானால் பீடப்பணியும் அதில் அடங்குமா? அடங்கும் என்று சட்ட விளக்கத்துக்கான திருப்பீட அவை 1992 இல் தீர்மானித்தது. இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அதை உறுதிப்படுத்தினார். 1994 மார்ச் 15 ஆம் திகதிக் கடிதம் அதை ஆயர் பேரவைகளுக்கு அறிவித்தது.

அந்தக் கடிதம் கதவைத் திறந்தது. யாரையும் உள்ளே வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. ஒவ்வொரு ஆயரும் தம் மறைமாவட்டத்துக்குத் தீர்மானிக்கலாம். பையன்கள் பணிபுரியும் மரபு மேன்மையானது, அதிலிருந்து குருத்துவ அழைத்தல்கள் பிறந்துள்ளன, அதைப் பேணவேண்டும். பீடப்பணி எவருக்கும் உரிமை அல்ல. பெண்களை அனுமதிக்கும் ஆயர் அதன் காரணத்தை மக்களுக்கு நன்கு விளக்க வேண்டும். இதனால் அமெரிக்காவின் லிங்கன் மறைமாவட்டம் போன்றவை பையன்களோடு நின்றன. பல நாடுகளில் பெண்பிள்ளைகள் பீடத்தில் நின்றார்கள். 2021 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் இன்னொரு படி சென்று, வாசகர், பீடத்துணைவர் என்ற நிலையான பணிப்பொறுப்புகளுக்குப் பெண்களும் நியமனம் பெறலாம் என்று சட்டத்தையே திருத்தினார்.

எமது உயர் மறைமாவட்டத்தின் தீர்மானம் 2024 ஒக்டோபரில் தெளிவாயிற்று. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, பீடப்பணிக்குப் பெண்பிள்ளைகளை அழைக்கலாகாது, எப்போதும் பையன்களே வேண்டும் என்று குருக்களுக்கு எழுதினார். இலங்கையில் குருத்துவ அழைத்தலின் முக்கிய ஊற்றுகளில் ஒன்று பீடப்பணி. பெண்பிள்ளைகள் சேர்ந்தால் குருமடம் செல்வோர் தொகை குறையும். அந்த ஆபத்துக்கு இடங்கொடுக்க முடியாது என்பது அவர் தந்த காரணம். தீர்மானிக்கும் அதிகாரம் அவருடையது; 1994 ஆம் ஆண்டுக் கடிதம் அதை ஆயரிடமே விட்டது. ஆனாலும் ஜெலாசியுஸின் கடிதத்துக்குச் சொன்னதே இதற்கும் பொருந்தும். பெண்பிள்ளைகளை அழைக்கும் வழக்கம் எங்கேனும் தலைகாட்டியிராவிட்டால் இப்படி எழுதத் தேவை வந்திராது.

காரணத்தை நாம் இலேசாக எடுக்கவில்லை. பூசைக்குக் குரு வேண்டும். குருவுக்குக் குருமடம் வேண்டும். பக்கத்தில் அக்காமார் சுறுசுறுப்பாக நின்றால் பன்னிரண்டு வயதுப் பையன் மெல்ல ஒதுங்கிவிடுவான் என்று சொல்பவர்கள் எம்மிடையேயும் உண்டு. பிள்ளை வளர்த்தவர்களுக்கு அது பொய் என்று தோன்றாது.

ஆயினும் இந்த வரலாறு முழுவதிலும் அழைத்தல் என்றால் குருத்துவ அழைத்தல் என்றே கணக்கிடப்பட்டிருக்கிறது. எம்மைப் படிப்பித்தவர்கள் கன்னியாஸ்திரிகள். 1869 இல் நல்லாயன் சகோதரிகள் இலங்கைக்கு வந்த நாளிலிருந்து கொழும்பின் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவும் தையலும் செபமும் தந்தவர்கள் பல சபைகளின் சகோதரிகள். அவர்களும் அழைத்தல் பெற்றவர்களே. குழந்தை யேசுவின் புனித தெரேசாள் தம் மடத்தில் திருப்பண்டங்களை ஆயத்தம் செய்யும் பணியில் இருந்தார்; அவற்றைத் தொடுவதே அவருக்குப் பெரும் பாக்கியமாய் இருந்தது. பீடத்தின் அண்மை ஒரு பையனைக் குருமடத்துக்கு இழுக்குமானால், ஒரு பெண்பிள்ளையைக் கன்னியர் மடத்துக்கு இழுக்காதா? இன்று நவசந்நியாச இல்லங்களுக்குப் பிள்ளைகள் வரவில்லை என்று எம் சகோதரிகளே கவலைப்படும்போது இந்தக் கேள்வியைக் கேட்காதிருப்பது எப்படி?

ஆண்டகையின் பணிப்புரைக்கு அமைந்தே நடப்போம். எம் பிள்ளைகளுக்கும் அதையே சொல்வோம். கேள்வியைத் தாழ்மையோடு அவரிடம் கொண்டுபோவதும் பிள்ளைகளுக்குரிய முறைதான். அதுவரை செய்யக்கூடியவை நிறைய உண்டு. வாசகம் வாசிக்கவும் மன்றாட்டு எழுதவும் எம் மாணவியரை ஒழுங்காகப் பயிற்றலாம். திருப்பண்ட அறைப் பணியை அவர்களுக்கு வேலையாக அல்ல, செபமாகக் கற்றுக்கொடுக்கலாம். பீடத்துக்கு ஏறலாமா என்று ஒரு சிறுமி கேட்டால் அவளை அதட்டி இருத்தாமல், இங்கே எழுதியிருக்கும் இந்த வரலாற்றை அவளுக்குச் சொல்லலாம்.