பெயர்ப் பட்டியலில் ‘எல்லாவற்றையும் மாற்று’ வேண்டாம்

காணாமல் ஆக்கப்பட்டோரின் பெயர்களைக் கணினியில் ஏற்றும் சிலர், எழுத்து வேறுபாடுகளை விரைவாகத் திருத்த வழி கேட்டிருந்தார்கள். நான் பயன்படுத்தும் முறையை இங்கே தருகிறேன்.

சிக்கல் இதுதான். ஒரு தாய் ‘செல்வராசா’ என்று சொன்னதை, படிவம் நிரப்பியவர் ‘செல்வராஜா’ என்று எழுதியிருப்பார். அதே பட்டியலில் இன்னொரு குடும்பம் உண்மையாகவே ‘செல்வராஜா’ என்றுதான் எழுதும். ‘எல்லாவற்றையும் மாற்று’ என்று கொடுத்தால் ஒருவரின் பெயர் சரியாகும், மற்றவரின் பெயர் பிறப்புச் சான்றிதழோடு பொருந்தாமல் போகும். ஒவ்வொன்றையும் கையால் தேடித் திருத்தினாலோ, நூற்றுக்கணக்கான வரிகளில் கண் களைத்துவிடும்.

நான் ‘விம்’ என்ற இலவச மென்பொருளில் வேலை செய்கிறேன். நெதர்லாந்தின் பிராம் மூலனார் 1991இல் வெளியிட்டது. 2023 ஓகஸ்ட்டில் காலமான அவர், பயன்படுத்துவோரிடம் கேட்டதெல்லாம் விரும்பினால் உகண்டாவின் சிறுவர்களுக்கு உதவுங்கள் என்பதுதான். இதில் மவுஸ் தேவையில்லை, விசைப்பலகையே போதும்.

முதலில் சாய்கோட்டை அழுத்தி, செல்வராஜா என்று தட்டி, என்ரர் கொடுங்கள். அடுத்து ஆங்கில விசைகளான சி, ஜி, என் மூன்றையும் வரிசையாக அழுத்தி, செல்வராசா என்று எழுதி, எஸ்கேப். ஒரு திருத்தம் முடிந்தது. இனி ‘என்’ விசை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும். வரியைப் படியுங்கள், தகப்பன் பெயரையும் ஊரையும் படிவத்தோடு ஒப்பிடுங்கள். மாற்ற வேண்டியதென்றால் முற்றுப்புள்ளி விசை, இல்லையென்றால் மீண்டும் ‘என்’. அவ்வளவுதான். ‘என்’ அழுத்தாமல் புள்ளியை மட்டும் தட்டிக்கொண்டு போனால், படிக்காத வரிகளும் மாறிவிடும். தவறினால் ‘யு’ விசை ஒரு படி பின்னே கொண்டுவரும். ‘ஜி, என்’ என்ற இந்த வசதி 2013இல் வந்த 7.4 பதிப்பிலிருந்து கிடைக்கிறது, அதற்கு முந்தியதில் வேலை செய்யாது.

கட்டளை விசைகளை அழுத்தும்போது விசைப்பலகை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தமிழில் விட்டுவிட்டு ‘விம் வேலை செய்யவில்லை’ என்று சொல்பவர்களே அதிகம்.

தமிழுக்கென்றே இன்னொரு கவனம் தேவை. ‘மாங்குலம்’ என்ற பிழையைத் தேடினால் ‘மாங்குலத்தில்’ அகப்படாது. அதனால் ‘மாங்குல’ என்று மட்டும் தேடி, ‘மாங்குள’ என்று மாற்றுங்கள். இரண்டும் சரியாகும். ‘செல்வராஜாவின்’ போன்றவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி கேட்டு மாற்றும் வழியும் உண்டு: ‘:%எஸ்/செல்வராஜா/செல்வராசா/ஜிசி’, எஸ், ஜி, சி ஆங்கில எழுத்துகளாக. ஒவ்வோர் இடத்திலும் நின்று கேட்கும். ‘வை’ என்றால் மாற்றும், ‘என்’ என்றால் விட்டுவிடும், ‘கியூ’ என்றால் நிறுத்தும். ‘ஏ’ மிச்சம் அனைத்தையும் மாற்றிவிடும், பெயர்ப் பட்டியலில் அதைத் தொடாதீர்கள்.

தொடங்கும் முன் மூலக் கோவையின் பிரதியொன்றை வேறு பெயரில் சேமித்து வையுங்கள். எது சரியென்று படிவத்தை வைத்தும் தெரியவில்லையென்றால், வரியை அப்படியே விட்டு, குடும்பத்தாரிடம் கேளுங்கள்.