வன்னி மரத்தின் மாண்பு

சிவபெருமான் திருச்சடையிலே கொன்றை, ஊமத்தம் முதலியவற்றோடு உடன்வைத்துப் போற்றப்படுவது வன்னி. திருமுதுகுன்றத்துத் தலமரம் இதுவே. வடநூலார் இதனைச் சமீ என்பர். திருப்புறம்பயத்து வன்னி மரமும் கிணறும் இலிங்கமும் வணிகப் பெண் ஒருத்தியின் மணத்திற்குச் சான்றாக மதுரையிலே தோன்றிய வரலாற்றைத் திருவிளையாடற் புராணம் தன் இறுதித் திருவிளையாடலாக உரைக்கும். ஆண்டுப் பெண்ணுக்காக மரம் வந்தது. மரத்துக்காகப் பெண் உயிர் கொடுத்த வரலாறும் ஒன்றுண்டு. அது மார்வார் நாட்டில் நிகழ்ந்தது.

மார்வார் தார்ப் பாலையைச் சார்ந்த வறண்ட நாடு. ஆங்குள்ளார் வன்னியைக் கேஜ்ரி என வழங்குவர். வேர் மிக ஆழச் சென்று நீர் தேடுதலின், மழை பொய்த்த காலத்தும் இம்மரம் பசுமை குன்றாது நிற்கும். வேனிற் பருவத்திலே சிறு மஞ்சட் பூக்கள் கதிர் கதிராக மலரும். இளங்காயைச் 'சாங்கரி' என்று உலர்த்தி வைத்துக் கறி சமைப்பர். தழை ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் உணவாம். இதன் வேர் மண்ணை வளப்படுத்துதலின், நிழலிலும் கம்புப் பயிர் செழிக்கும். 1868–69 ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்திலே இதன் பட்டையை மாவாக்கி உண்டு உயிர் தாங்கினோர் பலர்.

இந்நாட்டிலே 1485 ஆம் ஆண்டில் சாம்போஜி என்னும் பெரியார் 29 நெறிகளை வகுத்துப் பிசுனோயி சமயத்தை நிறுவினார். பசுமரம் வெட்டலாகாது என்பது அவற்றுள் ஒன்று. 1730 ஆம் ஆண்டில் சோதபுரி மன்னர் அபயசிங்கரின் ஏவலர், அரண்மனைக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டிக் கேஜர்லி என்னும் ஊரிலே வன்னி மரங்களை வெட்டப் புகுந்தனர். அமிர்தா தேவி என்னும் அம்மையார் மரத்தைத் தழுவி நின்று வெட்டுண்டார். அவருடைய புதல்வியர் மூவரும் அவ்வாறே மாண்டனர். அயலூர்களிலிருந்தும் மக்கள் திரண்டு வந்து உயிர் ஈந்தனர். மாண்டோர் 363 பேர் என்பர். செய்தி கேட்ட மன்னர் வருந்தி, பிசுனோயி ஊர்களிலே மரம் வெட்டுதலை விலக்கினார். 1983 ஆம் ஆண்டில் இராசத்தான் அரசு இம்மரத்தை மாநில மரமாக அறிவித்தது.

அம்மக்கள் நெறி வேறாயினும், அவர்தம் உறுதி சைவ நன்மக்கள் உள்ளத்துக் கொள்ளத்தக்கது. அருச்சனைக்குப் பத்திரம் பறிக்குங் கை, அம்மரத்தை நட்டு நீர் வார்க்குங் கையாகவும் இருத்தல் வேண்டும். தலமரம் பட்டுப்போகக் கண்டும் வாளா இருப்பது வழிபாடு ஆகாது.