ஆற்றில் இட்டுக் குளத்தில் எடுத்தல்

நல்லூர், விருத்தாசலம் வட்டாரத்து நேயர்கள் மணிமுத்தாற்றை நன்கறிவார்கள். முதுகுன்றத்து இறைவனிடம் பெற்ற 12,000 பொன்னைச் சுந்தரர் அவ்வாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. இடுமுன் மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். எடுத்த பொன்னை அதனோடு ஒப்பிட்டபோது மாற்றுக் குறைந்திருந்தது. கணிப்பொறி நிரல்கள் தம்முள் செய்தி பரிமாறும் வரலாற்றைச் சொல்ல இதனினும் பொருத்தமான கதை வேறில்லை.

ஒரே காலத்தில் இயங்கும் இரு நிரல்களுள் ஒன்று எண்ணை அனுப்ப, மற்றது பெயரை எதிர்பார்த்திருந்தால் காரியம் கெடும். 'நீ முதலில் சொல்' என்று இரண்டும் காத்திருந்தாலோ, இரண்டுமே உறைந்து நின்றுவிடும். 1993-இல் ஜப்பானிய அறிஞர் கோஹெய் ஹோண்டா, உரையாடலின் வரிசை முழுவதையும் முன்னதாகவே எழுதிவைக்கும் வழியைக் காட்டினார். ஒரு முனையில் 'அனுப்பு' என்றிருந்தால் மறுமுனையில் 'பெறு' என்றிருத்தல் வேண்டும். இதுவே பின்னர் 'செஷன் டைப்' எனப் பெயர் பெற்றது. சுந்தரர் பொன் வந்த பின்னரே உரைத்துப் பார்த்தார். இம்முறையிலோ பொன் ஆற்றில் விழுமுன்பே சோதனை முடிந்துவிடும்!

இதற்கு ஆறாண்டு முன்னர், 1987-இல், பிரெஞ்சு அறிஞர் ழான்-ஈவ் ழிரார் 'லீனியர் லாஜிக்' என்னும் புதிய தருக்கத்தை வெளியிட்டார். வழக்கமான தருக்கத்தில் ஓர் உண்மையை எத்தனை முறையும் எடுத்தாளலாம். இவர் தருக்கத்திலோ, தனிக்குறி இட்டவை நீங்கலாக, எடுகோளைப் படியெடுத்தலும் ஆகாது, எறிந்துவிடுதலும் ஆகாது. ஒரே முறை செலவிட்டேயாக வேண்டும். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர்க்கு இது வியப்பன்று. கிண்ணமாகிச் சூளையில் வெந்த மண்ணை மீண்டும் பொம்மைக்குத் தேடுவார் உண்டோ?

இவ்விரண்டுக்கும் உறவு உண்டு என்பதைப் பலர் உய்த்துணர்ந்தனர். அதனைத் துலக்கமாக நிறுவியவர்கள் 2010-இல் லூயிஷ் கைரெஷ், ஃபிராங்க் ஃபென்னிங் இருவருமாவர். 2012-இல் ஃபிலிப் வாட்லர் அக்கருத்தைச் சார்புமுறை நிரல்மொழிக்கும் கொண்டு சென்றார். தருக்க நிறுவலில் இடைப்படியொன்றை நீக்கும் செயலே, செய்தியொன்று கைமாறும் செயலாக ஆயிற்று! அவ்வாறு எழுதிய நிரல்கள் ஒன்றையொன்று நோக்கி உறைந்து நிற்பதில்லை. இதற்கொரு விலையும் உண்டு. நிரல்கள் மரக்கிளைகள்போல் பிரிந்து இணையலாமேயன்றி, வட்டமாகக் கைகோத்தல் ஆகாது. தீங்கற்ற வட்டங்களும் உண்டு; ஆதலின் இத்தடை சற்றுக் கடுமையானதே.

மூவரும் நால்வரும் கூடிப் பேசும் உரையாடலுக்கு ஹோண்டா, நோபுகோ யோஷிதா, மார்கோ கார்போனே ஆகியோர் 2008-இலேயே வேறொரு வழி வகுத்திருந்தனர். ஹோண்டா 2012 டிசம்பரில் மறைந்தார். அவ்வழியில் ஆராய்ச்சி தொடர்ந்து நடைபெறுகிறது.