இரவற் செங்கோல்

தமிழில் ‘இறை’ என்னும் சொல் கடவுளையும் குறிக்கும், அரசனையும் குறிக்கும். அரசன் வாழ்ந்த மனையும் கோயில். ஆண்டவன் உறையும் இடமும் கோயில். இவ்வுறவை எல்லை கடந்து நீட்டி, மன்னனையே தெய்வமாக வணங்கிய நாடுகளும் பண்டை உலகில் இருந்தன. எகிப்தின் பார்வோன் அவ்வாறு வணங்கப்பட்டான். ஆனால், எகிப்துக்கும் பாபிலோனுக்கும் இடையே நெருக்குண்டு கிடந்த யூதா என்னும் சிறுநாட்டின் தீர்க்கதரிசிகள் வேறொன்று கூறினர். எந்நாட்டு மன்னனாயினும் அவன் கைச்செங்கோல் அவனுக்கே உரியதன்று. கடவுளிடமிருந்து இரவலாகப் பெற்றது என்பதே அவர்தம் கூற்று.

இவ்வாறு கூறியதற்கு அவர்கள் கொடுத்த விலை யாது? எரேமியாவின் வாழ்வு அதனைக் காட்டும். கி.மு. 597-இல் பாபிலோன் வேந்தன் நேபுகாத்நேச்சார் எருசலேமைக் கைப்பற்றினான். இளம் மன்னன் யோயாக்கீனைச் சிறைப்பிடித்துச் சென்றான். சிதேக்கியா அரியணையில் அமர்த்தப்பட்டான். அவனிடம் ஏதோம், மோவாப், தீரு முதலிய அண்டை நாடுகளின் தூதர் வந்து கூடினர். அவ்வேளையில் எரேமியா கழுத்தில் நுகத்தடி பூண்டு வந்தார். பாபிலோன் மன்னன் இறைவனின் ஊழியன் என்றும், அவனுக்குப் பணிவதே உய்யும் வழி என்றும் உரைத்தார். நாட்டைச் சூறையாடியவனை இறைவனின் ஊழியன் என்பதா? அனனியா என்னும் மற்றொரு தீர்க்கதரிசி அந்நுகத்தைப் பறித்து முறித்தான். பின்னர் எருசலேம் முற்றுகையிடப்பட்டபோது, படைவீரரின் ஊக்கத்தைக் குலைக்கிறார் எனக் குற்றஞ்சாட்டிய தலைவர்கள், எரேமியாவைச் சேறு நிறைந்த துரவில் இறக்கிவிட்டனர். கி.மு. 586 அளவில் நகரும் ஆலயமும் தீக்கிரையாயின.

எனினும், எரேமியா பாபிலோனுக்குப் புகழ் பாடியவர் அல்லர். அவ்வரசுக்கும் ஒரு காலவரை உண்டென அவர் முன்னரே கூறியிருந்தார். அசீரியப் பேரரசைக் கண்டிக்கும் ஏசாயா நூலோ, வெட்டுபவனை நோக்கிக் கோடரி தற்பெருமை பேசலாகுமோ என வினவுகின்றது. கருவியாவது வேறு; தலைவனாவது வேறு.

கி.மு. 539-இல் பாரசீக வேந்தன் கோரேசிடம் பாபிலோன் வீழ்ந்தது. ஏசாயா நூல் இவ்வயல்நாட்டானை இறைவனால் அபிடேகம் பெற்றவன் என அழைக்கின்றது. தாவீதின் வழிவந்தோர்க்குரிய சிறப்புப் பெயர் அது! அவன் தன்னை அறியாதவனாயிருந்தும் தானே அவனை அழைத்ததாக இறைவன் கூறுவதாகவும் அந்நூல் உரைக்கின்றது.

இங்கு வரலாறு நமக்கொரு வியப்பை வைத்திருக்கின்றது. 1879-இல் பாபிலோன் இடிபாடுகளிடையே களிமண் உருளை ஒன்று கிடைத்தது. அஃது இலண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு உரியது. நேர்மையான அரசனைத் தேடிக் கோரேசைப் பெயர் சொல்லி அழைத்தவர் பாபிலோனின் தெய்வமாகிய மர்துக்கு என்று அதில் ஆப்பெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. ஒரே மன்னன், ஒரே வெற்றி, ஆனால், அவனை அழைத்தவராக இரு தெய்வங்கள் சொல்லப்படுகின்றனர்!

வேறுபாடு எங்கே உள்ளது? உருளை, வென்ற மன்னனின் பெயரால் எழுதப்பட்டது. அவன் ஆட்சியை நிலைநிறுத்த எழுந்தது. ஏசாயா நூலின் இப்பகுதியோ, நாடிழந்து பாபிலோனில் வாழ்ந்தோர் நடுவே பிறந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. படையும் கொடியும் அற்றவர்கள், உலகை வென்ற பேரரசனையும் தம் இறைவனின் பணியாளாகவே கண்டனர். அவர்களுள் ஒரு பகுதியினர் நாடு திரும்பினர், கி.மு. 515 அளவில் ஆலயமும் மீண்டும் எழுந்தது.

பிற்காலத்து அரசர் பலர் இக்கருத்தின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டனர். ஆட்சி கடவுள் தந்தது. ஆதலின் குடிகள் எம்மைக் கேள்வி கேட்டல் தகாது என்றனர். இங்கிலாந்தின் முதலாம் சார்லசு அவ்வாறு எண்ணியவன். 1649-இல் தலை வெட்டப்பட்டு மாண்டான். வேதநூலோ மறுபாதியையும் உரைக்கின்றது. தன் படைவீரன் உரியாவைக் கொல்வித்து அவன் மனைவியைக் கவர்ந்த தாவீதின்முன் நின்று, குற்றவாளி நீயே என்று நாத்தான் இடித்துரைத்தார். தந்தவர்க்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டன்றோ?

அரியணைகள் மாறின, பேரரசுகள் மண்மேடாயின. செங்கோல் இரவற்பொருள் என்பதை மறவாத அரசுக்கு அக்கூற்று அறிவுரை; மறந்த அரசுக்கு அதுவே தீர்ப்பு.