கூடாரம் போட ஒரு இடம்

போன மாசம் ஒரு சனிக்கிழமை, மயிலாப்பூர் குளக்கரை பக்கம் காபி குடிச்சிக்கிட்டே ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் மலையேறத் தேதி குறிச்சோம். மார்ச் கடைசி வாரம், மேற்குத் தொடர்ச்சி மலையில எங்கயாவது ஒரு ராத்திரி கூடாரம். "வியூ நல்லா இருக்கணும், அவ்ளோதான்"னான் ஒருத்தன். நானும் தலையாட்டிட்டு தி.நகர் ரூமுக்கு வந்து சேர்ந்தேன்.

தூக்கம் வராம எதையோ படிக்கப் போய், கொடைக்கானல் பிறந்த கதையில மாட்டிக்கிட்டேன். அதை உங்களுக்கும் சொல்லிடறேன்.

1834ல, யாழ்ப்பாணத்துல ஏற்கனவே வேலை செஞ்சிக்கிட்டிருந்த அமெரிக்க மிஷனரிகள் மதுரையில ஒரு கிளை ஆரம்பிச்சாங்க. (நாம சொல்லுக்குப் பொருள் தேடி ஓடுவோமே வின்சுலோ அகராதி, 1862ல சென்னையில அச்சானது, அந்த வின்சுலோவும் யாழ்ப்பாணத்துல இருந்து வந்த இதே அமைப்புக்காரர்தான்.) மதுரை வெயிலும் நோயும் அவங்களை விடல. பத்தே வருஷத்துல ஆறு பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க. மிச்சம் இருக்கறவங்க பிழைக்கணும்னா கோடையில மலைக்குப் போயே ஆகணும். ஜான் சல்லிவன் உருவாக்கின ஊட்டி அப்பவே இருந்தது. ஆனா மதுரையில இருந்து அது ரொம்ப தூரம்.

அதனால பக்கத்துல இருக்கற திண்டுக்கல் சிறுமலையைப் பிடிச்சாங்க. சுமார் 4000 அடி. குளுகுளுன்னு இருக்கு, மரம் இருக்கு, ஊருக்கும் கிட்ட. நம்ம நண்பன் கேட்ட வியூவும் உண்டு :-) ஆனா அங்கயும் காய்ச்சல் வந்துச்சு. மலேரியா!

அடுத்து பார்வை பழனி மலை மேல போச்சு. 1821லயே லெப்டினன்ட் வார்டு அங்க சர்வே பண்ணியிருந்தார். பெரியகுளம் பக்க அடிவாரத்துல இருந்து குதிரையில, இல்லைன்னா ஆள் சுமக்கற டோலியில ஏறணும். 1845 ஜூன்ல, சுமார் 7000 அடி உயரத்துல ரெண்டு வீடு தயாராச்சு. கொடைக்கானல் ஊரோட ஆரம்பம் இதுதான்.

இதுல வேடிக்கை என்னன்னா, ஏன் பிழைச்சோம்னு அவங்களுக்கே தெரியாது. 'மலேரியா'ங்கற வார்த்தைக்கே கெட்ட காத்துன்னுதான் அர்த்தம். காத்து சுத்தமா இருக்கற இடத்துக்கு வந்துட்டோம்னு நினைச்சிருப்பாங்க. கொசுதான் வில்லன்னு ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்துல நிரூபிச்சது 1897ல. குளிர் அதிகமானா கொசு உடம்புக்குள்ள அந்தக் கிருமி வளர முடியாது. சிறுமலைக்கும் கொடைக்கானலுக்கும் நடுவுல இருந்த அந்த 3000 அடிதான் உயிர் காத்தது. காரணம் தப்பு, விடை சரி. டெஸ்டிங்ல இப்படிப் பாஸான கோடு நாம எல்லாரும் எழுதியிருக்கோமே!

இன்னொண்ணு. வெள்ளைக்காரங்க கொடைக்கானலைக் 'கண்டுபிடிச்சாங்க'ன்னு எழுதறப்ப எனக்குக் கொஞ்சம் உறுத்தும். பூம்பாறை, வில்பட்டி எல்லாம் அதுக்கு முன்னாடியே இருந்த ஊருங்க. பளியர்கள் அதுக்கும் முன்னாடியே அந்தக் காட்டுல வாழ்ந்தவங்க. டோலி தூக்கினவங்க பேரை யாரும் எழுதி வைக்கல.

சரி, 180 வருஷம் முன்னாடி நடந்ததுக்கும் எங்க கூடாரத்துக்கும் என்ன சம்பந்தம்? 2018 மார்ச் 11ஐ நினைச்சுப் பாருங்க. போடி பக்கம் குரங்கணி மலையில இறங்கிக்கிட்டிருந்தவங்க காட்டுத்தீயில சிக்கினாங்க. 20 பேருக்கு மேல இறந்துட்டாங்க. சென்னையில இருந்து போனவங்க, நம்மள மாதிரி கம்ப்யூட்டர் வேலை பார்த்தவங்க அதுல இருந்தாங்க. மலை அதேதான், மழைக்கு அப்புறம் போயிருந்தா பச்சைப் புல்லு. மார்ச்ல அது காஞ்ச சருகு.

அந்த மிஷனரிகளுக்குக் கொசுவைப் பத்திச் சொல்ல யாரும் இல்ல. நமக்குத் தீயைப் பத்தித் தெரியும். தெரிஞ்சும் வியூவை மட்டும் பார்த்து இடம் பிடிச்சா அது நம்ம தப்பு. எந்த மாசம், தண்ணி எங்க, தீ வந்தா எந்தப் பக்கம் ஓடறது, வனத்துறை அனுமதி இருக்கா, அந்தக் காட்டை அறிஞ்ச உள்ளூர் ஆள் கூட வர்றாரா? வியூ கடைசிக் கேள்வி.

மறுநாள் காலையில நண்பர்களுக்கு போன் போட்டேன். "மார்ச் வேணாம்டா, மழை முடிஞ்சு போலாம்." கொஞ்சம் திட்டினாங்க. அப்புறம் ஒத்துக்கிட்டாங்க. அதுவரைக்கும் அடையாறு பாலத்துக் காத்தே போதும் :-)