எட்டுக் கோப்பைகள் யாருடையவை?

சீனாவின் முதல்நிலைக் கால்பந்து லீக்கை தாலியன் நகரத்து அணி எட்டு முறை வென்றிருக்கிறது. 1994, 1996, 1997, 1998, 2000, 2001, 2002, 2005. அந்த எட்டையும் வென்ற கிளப் இன்று இல்லை. அதற்குப் பிறகு வந்த கிளப்பும் இல்லை. இப்போது ஆடிக்கொண்டிருப்பது மூணாவது.

தாலியன் சீனாவின் வடகிழக்கில், லியாவோனிங் மாகாணத்தின் தென்முனையில் இருக்கும் துறைமுக நகரம். ரஷ்யர்கள் உருவாக்கி, 1905-க்குப் பின் ஜப்பானியர்கள் நாற்பது வருஷம் ஆண்ட ஊர். ஆள்கிறவர் மாற மாற ஊரின் பெயரும் மாறியிருக்கிறது. கால்பந்து கிளப்புக்கும் அதே விதிதான்.

1994-ல் சீன லீக் தொழில்முறைக்கு மாறியபோது தாலியன் அணியின் பின்னால் நின்றது வாண்டா, வாங் ஜியான்லினின் ரியல் எஸ்டேட் கம்பெனி. முதல் வருஷமே சாம்பியன். 1995-லிருந்து 1997 வரை தொடர்ந்து 55 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. 1996 சீசன் முழுக்க ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஒரு தலைமுறைக்கே வாண்டா என்றால் கட்டடம் கட்டுகிற கம்பெனி இல்லை, நம்ம டீம். பின்னாளில் இங்கிலாந்து போய் மான்செஸ்டர் சிட்டிக்கு ஆடிய சுன் ஜிஹாய் இந்த அணியில் இருந்தவர்தான்.

1998 செப்டம்பரில் லியாவோனிங் அணியோடு கோப்பை அரையிறுதி. தனக்குக் கிடைக்க வேண்டிய பெனால்டிகளை நடுவர் தரவில்லை என்று வாங்குக்கு ஆத்திரம். ஆட்டம் முடிந்ததுமே, கால்பந்தை விட்டு நிரந்தரமாக விலகுகிறேன் என்று அறிவித்துவிட்டார். ஒரு ஊரின் அணி ஒரு மனிதரின் கோபத்தில் கை மாறியது. அப்போது அது பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை, ஏன்னா அடுத்து வந்த ஷூ மிங் இன்னும் தாராளமாகச் செலவு செய்தார். ஷிடே என்ற அவரது கம்பெனிப் பெயரில் மேலும் நான்கு கோப்பைகள்.

ஷூ மிங்கின் வளர்ச்சி தொண்ணூறுகளில் தாலியன் மேயராக இருந்த போ ஷிலாயோடு சேர்ந்தது. 2012-ல் போ வீழ்ந்தார், அதே மார்ச்சில் ஷூவும் பிடிபட்டார். அடுத்த வருஷம் போவின் வழக்கில் சாட்சி சொன்னார், 2015-ல் சிறையில் இறந்தார். கிளப் அவ்வளவு நாள் தாங்கவில்லை. ஆர்பின் என்ற இன்னொரு தாலியன் கிளப் ஷிடேயை வாங்கியது. 2013 தொடக்கத்தில் ஷிடே கலைக்கப்பட்டது. பெய்ஜிங் அரசியலில் நடந்த ஒன்றுக்கு, ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போகிறவன் தன் டீமை இழந்தான்.

நான் கோட் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் ஒரு ப்ராஜெக்ட்டை ஃபோர்க் செய்தால் அதன் பழைய வரலாறு முழுவதும் கூடவே வந்துவிடும். கால்பந்தில் அப்படி இல்லை. பதிவேட்டில் கம்பெனி இறந்தால் கோப்பைகளும் அதோடு நின்றுவிடுகின்றன, ரசிகன் மட்டும் மிச்சம்.

ஆர்பின் பிறகு யீஃபாங் ஆனது. 2018-ல் அதே வாண்டா திரும்பி வந்தது. ‘நிரந்தரம்’ இருபது வருஷம்! கராஸ்கோ, ஹாம்ஷிக், பயிற்சியாளராக ரஃபா பெனிடெஸ் என்று பணம் கொட்டியும் ஒரு கோப்பை வரவில்லை. 2020-ல் கிளப்புக்கு தாலியன் ரென் என்று பெயர் வைத்தார்கள். தாலியன்காரர்கள் என்று அர்த்தம். கடைசியில் ஊர்க்காரர்களின் பெயர் கிடைத்தது, பணம்தான் போய்விட்டது. 2023-ல் தரமிறக்கம், 2024 ஜனவரியில் கடனோடு மூடல். இது தாலியனின் தனி வியாதியும் இல்லை. அதேபோல எட்டு முறை லீக்கை வென்ற குவாங்சோ கிளப் சுமார் ஒரு வருஷம் கழித்து மூடப்பட்டது.

இதற்கிடையில் 2023 ஆசியக் கோப்பைக்காக தாலியனில் கடலோரமாக 63,000 பேர் உட்காரும் மைதானம் ஒன்று எழும்பியிருந்தது. கோவிட் காரணமாகச் சீனா போட்டியை நடத்துவதிலிருந்து விலகிவிட்டது. மைதானம் இருக்கிறது, கிளப் இல்லை. அந்த இடத்துக்கு வந்தது யிங்போ, 2023-ல் தாலியன் ஜிசிங் என்ற பெயரில் மூன்றாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த அணி. 2024-ல் இரண்டாம் நிலைக்கு வந்தது, அந்த வருஷமே முதல்நிலைக்கும் தேறியது. இரண்டாம் நிலை லீக் ஆட்டத்துக்கே ஐம்பதாயிரத்துக்கு மேல் கூட்டம். அந்தக் கூட்டத்தில் வாண்டாவைப் பார்த்து வளர்ந்தவர்களும், ஷிடே கலைந்தபோது பள்ளியில் படித்தவர்களும் இருந்திருப்பார்கள். யிங்போவின் கணக்கில் முதல்நிலைக் கோப்பைகள் பூஜ்யம். அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களிடம் கேட்டால் எட்டு என்றுதான் சொல்வார்கள்.