மாலையில் ஒரு சொல்



பரீட்சைக்கு முன்னாளிரவு ஒரே பாடத்தைப் பத்துமுறை படித்தும், மறுநாள் ஒன்றுந் தோன்றாது திகைக்கும் மாணவரை நாம் அறிவோம். அவரை மந்தபுத்தியுடையவர் என்று பிறர் சொல்ல, நாளடைவில் அவரும் அதனை நம்பிவிடுகின்றார். குறை புத்தியிலா, படிக்கும் முறையிலா? விடை காண்பதற்குப் பழைய திண்ணைப் பள்ளிக்கூடமொன்றை எட்டிப் பார்ப்போம்.

1855 ஆம் ஆண்டு தஞ்சை நாட்டிற் பிறந்த உ. வே. சாமிநாதையர், தாம் இளமையிற் கண்ட பள்ளி வழக்கமொன்றை ‘என் சரித்திரம்’ என்னும் நூலிற் குறித்துள்ளார். மாலையிற் பிள்ளைகள் வீடு திரும்பும்போது, ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஒரு விலங்கு, ஓர் ஊர் என்றிவற்றின் பெயரைச் சொல்லி அனுப்புவார். மறுநாட் காலை அதனை மறவாது வந்து சொல்லல் வேண்டும்.

இது சிறுபிள்ளை விளையாட்டுப்போலத் தோன்றும். ஆயினும் இதனுள் இரு நுட்பங்கள் உள. கேட்டதற்கும் சொல்வதற்கும் இடையில் ஓர் இரவு கழிகின்றது என்பது ஒன்று. சுவடியின் துணையின்றி, உள்ளத்திலிருந்தே சொல்லை மீட்டெடுக்க வேண்டும் என்பது மற்றொன்று.

முதலாவதன் பயனை ஜெர்மானிய அறிஞர் எபிங்கௌசு 1885 இல் வெளியிட்ட நூலில் அளந்து காட்டினார். பொருளற்ற அசைகளை மனனஞ்செய்து, அவர் தம்மையே சோதித்துக்கொண்டார். மறதி முதல் ஒரு மணி நேரத்தில் மிக விரைந்தும், பின்னர் மெதுவாகவும் நிகழ்வதைக் கண்டார். பன்னிரண்டு அசைகள் கொண்ட வரிசையை ஒரேயமர்வில் 68 முறை படித்தது தந்த பயனையே, மூன்று நாட்களிற் பகிர்ந்து 38 முறை படித்ததும் தந்தது.

இரண்டாவதற்கும் சான்றுண்டு. 2006 இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், மாணவரிற் சிலரைப் பாடத்தைத் திரும்பத்திரும்பப் படிக்கவும், சிலரைப் படித்தபின் பாராது நினைவிலிருந்து எழுதவுஞ் செய்தனர். ஐந்து நிமிடத்தின்பின் சோதித்தபோது முன்னவரே மேம்பட்டனர். ஒரு வாரத்தின்பின் பின்னவரே மேம்பட்டு நின்றனர். திரும்பப் படிக்குந்தோறும் பாடம் பழகிய முகம்போலத் தோன்றும். அப்பழக்கத்தையே அறிவென்று மயங்குவதாலன்றோ, நம் மாணவர் பரீட்சை மண்டபத்தில் திகைக்கின்றனர்!

பழைய திண்ணை குறையற்றதன்று. பொருளுணராது ஒப்புவித்தலும் பிரம்படியும் ஆங்கு மலிந்திருந்தன. அவற்றை விடுத்து, நல்லதை மட்டுங் கைக்கொள்வோம்.

படித்து முடித்ததும் புத்தகத்தை மூடுங்கள். படித்ததை உங்கள் சொல்லிற் கூறிப்பாருங்கள். மறுநாளும், சில நாள் கழித்தும் அவ்வாறே செய்யுங்கள். தடுமாறும் இடத்தை மட்டும் திறந்து பாருங்கள். புதிதாய் அறிமுகமானவரின் பெயரையும், கடையில் வாங்கவேண்டிய பொருள்களையும் இவ்வாறே நினைவில் நிறுத்தலாம்.

பெற்றோரே, மாலையிற் பிள்ளையைப் ‘படி, படி’ என்று நெருக்குவதினும், ‘நேற்று என்ன படித்தாய்? சொல், கேட்போம்’ என்று அன்போடு வினவுங்கள். மந்தபுத்தியென்று தன்னை எண்ணியிருந்த பிள்ளை, தன் வாயாலேயே விடை வரக் கேட்டு மகிழும்.